ஆறு மணித்தியாலக் கணக்கு

மூத்தவன் பிறந்தது 2014 மார்கழியில், இரவு 9.40க்கு. ஏழு வருடமாக அந்த 9.40உடன் ஆறைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தவள் நான். விடை எப்போதும் விடியப்புறம் 3.40தான். பிறக்கும்போது மூச்சுத் திணறிய பிள்ளையின் மூளையைக் காப்பாற்ற ஆறு மணித்தியாலம்தான் இருக்கிறது என்று நான் கேள்விப்பட்டிருந்தேன்.

அன்று நல்ல மழை. குளம் வான் பாய்ந்து எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். முதல்நாள் பின்னேரமே குத்துத் தொடங்கியிருந்தது. இவர் லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் என்னை ஏற்றினார். மாமி பக்கத்தில் இருந்து தறப்பாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தா. மெயின் ரோட்டில் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. பிள்ளை பிறந்த இரவு அந்த வாட்டில் வேலைக்கு நின்றது இரண்டு பேர், வலியோடு கிடந்தது ஐந்து பேர். பிழை யாரில் என்று தேடி நான் அலைந்து முடித்தாயிற்று.

பிள்ளை பிறந்ததும் அழவில்லை. நேர்ஸ் மிஸ்ஸி முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பையை அமத்தி அமத்தி மூச்சுக் கொடுத்தா. பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டவுடன் நான் எல்லாம் முடிந்துவிட்டது, பிள்ளை பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பால் இழுக்கவில்லை. "களைச்சுப் போனான், நித்திரை கொள்ளட்டும்" என்றா மாமி. இரவு முழுக்க ஒரு அழுகையும் இல்லை. பக்கத்துக் கட்டில் அக்கா, தன்னுடைய பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டு, "உம்மட பிள்ளை குழப்படி இல்லாத பிள்ளை, குடுத்து வைச்சனீர்" என்றா. 3.40க்கு நான் எழும்பிப் பிளாஸ்க்கில் இருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் குடித்தேன். சுவர் மணிக்கூடு என் கட்டிலுக்கு நேரே இருந்தது.

காலை எட்டு மணிபோல வாயைச் சப்புக் கொட்டத் தொடங்கினான். வலது கால் சைக்கிள் மிதிப்பது போல அசைந்துகொண்டிருந்தது. "பசியாக்கும்" என்றா மாமி. மாறி வந்த மிஸ்ஸி ஒன்றும் சொல்லாமல் அந்தக் காலை மெதுவாகப் பிடித்துப் பார்த்தா. பிடித்த பிடிக்குள்ளும் கால் துடித்துக்கொண்டிருந்தது. உடனே ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தா. பிறகுதான் எனக்கு விளங்கியது: பச்சைக் குழந்தைக்கு வருகிற சும்மா நடுக்கம் கையால் பிடித்தால் நின்றுவிடும், வலிப்பு நிற்காது. பிறந்த பிள்ளைக்கு வலிப்பு, பெரியவர்களுக்கு வருவது போல உடம்பை முறுக்கிக்கொண்டு வரவேண்டும் என்றில்லை. சப்புக் கொட்டல், கண் ஒரு பக்கமாகச் சொருகல், மூச்சு நின்று நின்று வருதல் என்று களவாகவும் வரும்.

அம்புலன்ஸில் வடக்கு நோக்கிப் போனோம். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் எந்த வாகனமும் ஒரு நிமிடமாவது நிற்கும். அன்றைக்கு நிற்கவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துவிட்டு ஓடினார். பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். பிறக்கும் நேரத்தில் மூளைக்கு ஒட்சிசனும் இரத்தமும் குறைந்திருக்கிறது என்றார்கள். மருந்து தந்தார்கள், வலிப்பு நின்றது, பால் குடித்தான், வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் மாதம் கிளினிக்குக் கொண்டுவரச் சொல்லித் துண்டில் எழுதியிருந்தது.

ஆறு மணித்தியாலக் கதை வந்தது லண்டனில் இருக்கும் மச்சாளிடமிருந்து. அவள் அங்கே நேர்ஸ். வைபரில் கதைக்கும்போது, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சொன்னாள்: "இஞ்ச எண்டால் மூளையைக் காப்பாத்தப் பிள்ளையின்ர உடம்பை உடன குளிரூட்டியிருப்பினம். ஆறு மணித்தியாலத்துக்குள்ள செய்யோணும்." 

நான் 2008இல் உயர்தரத்தில் உயிரியல் எழுத இருந்தவள். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்து போயிற்று. புத்தகங்களை உரப்பையில் கட்டிச் சுமந்து, ஒவ்வொரு இடமாக ஒவ்வொன்றாய்க் கைவிட்டு, கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் அந்தப் பாடத்தின் பழக்கம் விடவில்லை. பிள்ளை நித்திரையான பிறகு, போனில் அகராதியையும் வைத்துக்கொண்டு, இதைப் பற்றி இங்கிலீஷில் உள்ளதை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினேன்.

வாசித்ததில் என்னை உலுப்பிய விசயம் அந்த அமைதியான இரவுதான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒஸ்மண்ட் ரெனோல்ட்ஸ் என்ற குழந்தை வைத்தியரும் அவருடைய ஆட்களும் 1980களில், மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளைகளின் மூளைக் கலங்களில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று காந்த அலை மூலம் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிறந்து முதல் சில மணித்தியாலங்களில் அளவு சரியாகவே இருக்கிறதாம். அதற்குப் பிறகுதான், எட்டு மணித்தியாலம் தாண்டி, அது சரிந்துகொண்டு போகிறது. முதல் அடியில் தப்பிய கலங்கள் இந்த இரண்டாவது சரிவில்தான் சாகின்றன. இடையில் இருக்கிற அந்த நேரம் வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நித்திரை மாதிரித்தான் இருக்கும். குழப்படி இல்லாத பிள்ளை!

அந்த இடைவெளிக்குள் ஏதாவது செய்யலாமா என்று தேடியவர்களில் ஒருவர் நியூசிலாந்தின் ஒக்லாந்தைச் சேர்ந்த அலிஸ்டர் கன். வயிற்றுக்குள் இருக்கும் ஆட்டுக்குட்டிகளில் அவர் சோதனை செய்தார். மூளைக்கு இரத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, பிறகு தலையைக் குளிர வைத்துப் பார்த்தார். 1997இல் வந்த முடிவு: 90 நிமிடத்தில் குளிரூட்டத் தொடங்கினால் பெரும் பயன். பிறகு ஐந்தரை மணித்தியாலம் கழித்துத் தொடங்கிப் பார்த்தார்கள், பயன் இருந்தது, ஆனால் குறைவு. எட்டரை மணித்தியாலம் கழித்து, வலிப்புத் தொடங்கிய பிறகு செய்தபோது பயனே இல்லை. ஆறு மணித்தியாலம் என்ற எல்லை இந்த ஆடுகளில் இருந்து வந்தது. சீதா சங்கரன் தலைமையில் அமெரிக்காவில் 208 பிள்ளைகளில் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. உடம்பை 33.5 பாகைக்குக் குளிர்த்தி 72 மணித்தியாலம் வைத்திருந்த பிள்ளைகளில் இறந்தவர்களும் கடுமையான, நடுத்தரமான பாதிப்போடு மிஞ்சியவர்களும் 44 வீதம். குளிரூட்டாத பிள்ளைகளில் 62 வீதம். 2010இல் இருந்து இங்கிலாந்தில் இது வழமையான வைத்தியம். மச்சாள் பொய் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு வலிப்பு. 3.40க்கு எல்லை. நான் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்தக் கணக்கோடு நான் இருந்த காலத்தில் கண்ணுக்கு முன்னால் நடந்ததைப் பார்க்கவில்லை. இதை எழுதுவதே இதற்காகத்தான்.

மூன்றாம் மாதக் கிளினிக் வந்தது பங்குனியில். காலபோக அறுவடைக்கு மெசின் வரும் நாள் அன்று. மெசின் போனால் திரும்ப எப்போது வரும் என்று தெரியாது. பிள்ளை பால் குடிக்கிறான், நிறை ஏறுகிறது, சிரிக்கிறான். அடுத்த மாதம் போவோம் என்று விட்டோம். அடுத்த மாதம் வேறொன்று வந்தது.

நாலரை, ஐந்து மாதம் இருக்கும். மாமி மடியில் வைத்துப் பிடித்தால் கால் இரண்டையும் விறைப்பாக ஊன்றி, குதிக்கால் தூக்கி, விரல் நுனியில் நிற்பான். "இஞ்ச பார், இப்பவே நிக்கிறான்! அப்பப்பான்ர கால்" என்று மாமி ஊருக்கெல்லாம் காட்டினா. நானும் போனில் படமெடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன். அதே பிள்ளைக்குத் துணி மாற்றும்போது கால் விரிக்க ஏலாது, கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கை எந்நேரமும் பொத்தித்தான் இருந்தது, பெருவிரல் உள்ளே. பொத்திய கைக்குள் பால் ஊத்தை சேர்ந்து புளித்து மணக்கும். தினமும் அதைக் கழுவுகிறவள் நான். ஏன் இந்தக் கை விரியவில்லை என்று ஒருநாளாவது யோசிக்கவில்லை. கால் பலமாக இருக்கிறதே!

அது பலம் இல்லை, இறுக்கம். ஐந்து மாதப் பிள்ளை விரல் நுனியில் விறைத்து நின்றால் சந்தோசப்படக் கூடாது, கொண்டுபோய்க் காட்டவேண்டும். இதை எனக்கு யாராவது அப்போது சொல்லியிருந்தால்!

குடும்பநல மாது வீட்டுக்கு வந்தபோது ஒரு தடவை, "பிள்ளை தலையை நிமிர்த்துறது காணாது, ஒருக்கா கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்று சொன்னவ. மாமி விடவில்லை. "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் எல்லாம் செய்யும். இவன்ர தகப்பன் ஒண்டரை வயசிலதான் நடந்தவன்." வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தோம். நேர்த்தி வைத்ததில் எனக்கு மனவருத்தம் இல்லை. நேர்த்தியையும் வைத்து, கிளினிக்குக்கும் போயிருக்கலாம்.

பதினொரு மாதத்தில் தடிமன் சளி என்று கொண்டுபோன இடத்தில், வேறொரு டொக்டர் பிள்ளையைக் குப்புறப் போட்டுப் பார்த்துவிட்டு, என்னை இருக்கச் சொன்னார். மூளை முடக்குவாதம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்: வளரும் மூளை சேதப்பட்டு, உடம்பின் அசைவு பாதிக்கப்படுவது.

பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது இது. ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஐரோப்பிய வைத்தியர் கைக்குழந்தைகளின் அசைவுகளைப் படமெடுத்துப் பல வருடம் பார்த்திருக்கிறார். மூன்று மாதப் பிள்ளை மல்லாக்கக் கிடந்து விழித்திருக்கும்போது கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால், இடுப்பு எல்லாம் சின்னச் சின்னதாய், வட்டம் வட்டமாய் ஓயாமல் அசைந்தபடி இருக்கும். எறும்பு கூட்டமாக ஊருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அசைவு இல்லாவிட்டால் அது பெரிய எச்சரிக்கை. பழகிய கண் உள்ளவர் சில நிமிட வீடியோவிலேயே சொல்லிவிடுவார். 2017இல் அவுஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் கூட இருந்தவர்களும் எழுதிய கட்டுரையில், ஆறு மாதத்துக்கு முன்னரேயே இந்த நோயைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, கண்டவுடன் பயிற்சியைத் தொடங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் வருடத்தில் மூளை கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வளர்கிறது. அந்த வளர்ச்சி நடக்கும்போதே பயிற்சி கொடுத்தால்தான் மிஞ்சியிருக்கும் பகுதி புது வழி பிடிக்கும். நான் தவறவிட்ட கிளினிக் சரியாக அந்த மூன்றாம் மாதக் கிளினிக்தான்.

3.40க்கு வருவோம். 2021 கடைசியில், கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர், எங்கள் பக்கத்துப் பிள்ளை, என்னுடைய புலம்பலை முழுக்கக் கேட்டார். "அக்கா, நீங்கள் வாசிச்சது எல்லாம் சரி. ஆனா அது பணக்கார நாட்டுப் பிள்ளைகளில செய்த ஆய்வு. எங்கட பக்கத்தில செய்தது இந்த வருசம்தான் வந்திருக்கு" என்றார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருக்கும் சுதின் தய்யில் தலைமையில் நடந்த ஹீலிக்ஸ் என்ற ஆய்வு. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் மூன்றிலும் ஏழு பெரிய ஆஸ்பத்திரிகள், 408 பிள்ளைகள். பாதிப் பேரை ஆறு மணித்தியாலத்துக்குள் குளிரூட்டினார்கள், மற்றப் பாதிப் பேருக்கு வழமையான கவனிப்பு. ஒன்றரை வயதில் பார்த்தால் இறப்பும் பாதிப்பும் சேர்ந்து குளிரூட்டியவர்களில் 50 வீதம், மற்றவர்களில் 47. இறப்பை மட்டும் எடுத்தால் 42க்கு 31. குளிரூட்டிய பக்கத்தில்தான் கூட.

நான் திரும்பக் கேட்டேன். அவர் திரும்பவும் சொன்னார். துண்டுக் கடதாசியின் பின்பக்கத்தில் 42, 31 என்று எழுதியும் காட்டினார்.

எனக்கு ஆறுதல் வரவில்லை. கோபம் வந்தது. ஏழு வருடம் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றை யாரோ கையில் இருந்து பறித்தது போல. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோதுதான் அழுகை வந்தது. இவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, "அப்ப அந்த இரவு கொண்டு ஓடியிருந்தாலும்?" என்று மட்டும் கேட்டார். 

ஏன் அப்படி என்பதற்கு டொக்டர் சொன்னது: அந்தப் பிள்ளைகளின் மூளைப் படங்களைப் பார்த்தால், அடி ஒரேயடியாக விழுந்த மாதிரி இல்லையாம். குத்து நேரம் நீள நீள, அல்லது அதற்கு முன்னரேயே, கொஞ்சம் கொஞ்சமாக ஒட்சிசன் குறைந்து வந்த தடம் தெரிகிறதாம். அப்படியென்றால் பிறக்கும்போதே அந்த ஆறு மணித்தியாலம் எப்போதோ கழிந்திருக்கும். என்னுடைய குத்து ஒரு நாளைத் தாண்டியது என்று தொடக்கத்தில் எழுதினேன். நான் கணக்கைத் தொடங்கிய இடமே பிழை.

இதை வாசித்துவிட்டு யாரும் "குளிரூட்டல் கூடாது" என்று வைத்தியர்களோடு வாதாடப் போகவேண்டாம். எந்தப் பிள்ளைக்கு எது என்பது அவர்களுடைய தீர்மானம். வீட்டில் யாரும் பிள்ளையைக் குளிரவைத்துப் பார்க்கவும் கூடாது, பச்சைக் குழந்தைக்குக் குளிர் எமன். நெஞ்சோடு அணைத்துச் சூடாக வைத்திருப்பதுதான் தாயின் வேலை. 

அந்த ஆய்வு என் கண்ணைத் திருப்பியது இரண்டு பக்கமாக. ஒன்று, பிறப்புக்கு முன்னால். தய்யிலின் ஆட்களே தென்னிந்தியாவில், பிரசவ நேரத்தில் பிள்ளையின் இதயத் துடிப்பை ஒழுங்காகக் கேட்பது, தாய்க்குப் பக்கத்தில் ஒரு துணை இருப்பது என்று அந்தப் பக்கம் வேலை செய்யத் தொடங்கினார்கள். ஆகவே கர்ப்பிணித் தங்கச்சிமாருக்கு நான் சொல்வது: வயிற்றில் துடிப்புக் குறைந்த மாதிரி இருந்தால் விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அப்போதே போங்கள். வாட்டில் கிடக்கும்போது, "மிஸ்ஸி, பிள்ளையின்ர துடிப்பு ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஏசினால் ஏசட்டும். மழைக்காலத்தில் திகதி வந்தால், ஒழுங்கையில் தண்ணீர் ஏறுவதற்கு முன்னரே மெயின் ரோட்டுப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டில் போய் இருங்கள். என் இரண்டாவதுக்கு அப்படித்தான் செய்தேன்.

மற்றது, பிறந்த பிறகு. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விடத் துண்டு வெட்டும்போது கேட்டு எழுதி வாங்குங்கள்: அழுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது, எப்கார் எண் எத்தனை, வலிப்பு வந்ததா, அடுத்த கிளினிக் எப்போது. எப்கார் என்பது வர்ஜீனியா எப்கார் என்ற அமெரிக்க வைத்தியர் 1952இல் கொண்டுவந்த புள்ளி, பத்துக்குப் போடுவார்கள். என் மகனுக்கு முதல் நிமிடத்தில் 3, ஐந்தாம் நிமிடத்தில் 5. பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பியில் எழுதிக் கிடந்தது. ஏழு வருடமும் அலுமாரிக்குள் என் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். பெட்டைக்கு ரோஸ், பொடியனுக்கு நீலம் என்று தருகிற அந்தக் கொப்பியை நிறை பார்க்க மட்டும் விரிக்காமல், எந்த மாதத்தில் என்ன செய்யவேண்டும் என்ற பக்கத்தையும் பாருங்கள். தலைச் சுற்றளவை டேப்பால் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பயிற்சி என்றால் மெசின், கரண்ட் என்று நானும் பயந்துதான் போனேன். பிசியோ மிஸ் காட்டியது எல்லாம் வீட்டுச் சாமான்தான். பழைய சாறியை இறுக்கிச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்துக் குப்புறப் போடுவது. தொடைகளுக்கு நடுவில் உமி நிரப்பிய சின்னத் தலையணை. இவர் வேப்பம் பலகையில் மூலைக் கதிரை ஒன்று அடித்தார், இரண்டு சுவர் சேரும் மூலை மாதிரி. அதில் இருத்தினால் முதுகு விறைத்துப் பின்னுக்குப் போகாது, கை இரண்டும் முன்னுக்கு வரும். சாப்பாடு தீத்துவது அதைவிடக் கஷ்டம். முன்பு மல்லாக்கக் கிடத்தித் தலையைப் பின்னுக்குச் சரித்துத்தான் ஊற்றுவோம், புரையேறும், மாதம் ஒரு தடவை நெஞ்சுச் சளி. நிமிர்த்தி இருத்தி, நாடியைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, சின்னக் கரண்டியால், கூழ்ப் பதத்தில் கொடுக்கத் தொடங்கிய பிறகு சளி குறைந்தது. ஒரு நேரச் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம். அவசரப்பட்டால் பிறகு ஆஸ்பத்திரியில் நாலு நாள். 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் கிளினிக்குப் போகமுடியாத நேரம், எங்களைத் தாங்கியது அந்தச் சாறிச் சுருளும் வேப்பங் கதிரையும்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குரிய கொடுப்பனவுக்குக் கிராம சேவகரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பிடியுங்கள். டொக்டரின் கடிதத்தை மூன்று பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கட்டாயம் தொலையும்.

போன வருடம் பக்கத்துக் காணித் தங்கச்சியின் பிள்ளை, நாலு மாதம், வாட்டில் ஐந்து நாள் இருந்து வந்த பிள்ளை. பாயில் கிடத்திவிட்டு அவள் தேத்தண்ணி போட உள்ளே போக, நான் அந்தக் கையை விரித்துப் பார்த்தேன். விரிந்து விரிந்து திரும்பப் பொத்தியது. மற்றக் கையையும் பார்த்தேன். "என்னக்கா பாக்கிறீங்கள்?" என்றாள். "ஒண்டுமில்லை. நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸுக்கு வெளிக்கிடு, நானும் வாறன்" என்றேன். அழுதாள், ஏசினாள், வந்தாள். இப்போது அந்தப் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை பயிற்சி நடக்கிறது.

என் மகனுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. சக்கர நாற்காலிதான். கதை கொஞ்சம், சிரிப்புக் கூட. கிளினிக்குப் போய் வரும்போது முறிகண்டியில் பஸ் நிற்கும். ஒரு பை கச்சான் வாங்கி அவன் மடியில் கொட்டுவேன். வலது கையால் ஒன்றைப் பிடித்து, இடது கை பெருவிரலால் அமத்தி, கோது வெடிக்கும்வரை விடமாட்டான். கிளிநொச்சிப் பக்கமிருந்து ஏறி மாங்குளம் இறங்குவதற்குள் ஏழெட்டுக் கச்சான் உடைபடும். கச்சான் அவனுக்குத் தொண்டையில் சிக்கும். உடைக்கிறது அவன், சாப்பிடுறது நான்.